குடிபோறதுக்கு முன்னாடி பின்வாசலைப் பாருங்க

2022 கடைசியில நாம ஃபர்ஸ்ட் இயர்ல இருந்த சமயம் ஞாபகம் இருக்கா? காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்கணும்னு மூடிட்டாங்க. ஸ்ரீரங்கத்துக் கரையில நின்னா மலைக்கோட்டை கண்ணுக்கு எதிர்ல தெரியும். ஆனா சத்திரம் பஸ் ஸ்டாண்டு போக பஸ் ஊரைச் சுத்திக்கிட்டுப் போகும். மறு வருஷம் மார்ச்ல பாலம் திறக்கிற வரைக்கும் நாம எவ்வளவு புலம்பினோம்! மீம் போட்டோம், ஆள் வெச்சுக் கலாய்ச்சோம், முதல் பீரியடுக்கு லேட்டா போய் வெளியில நின்னதை செல்ஃபி எடுத்தோம்.

அதெல்லாம் இப்ப எங்கே?

எல்லாமே ஸ்டேட்டஸ், ஸ்டோரி. 24 மணி நேரத்துல காணாமப் போயிடுச்சு. இன்னிக்கு இணையத்துல தேடினா நாளிதழ் செய்தி கிடைக்கும். 'பாலம் மூடல்', 'போக்குவரத்து மாற்றம்' அவ்வளவுதான். அந்த மாசங்கள்ல அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் படிக்க வந்த ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ அது எப்படி இருந்துச்சுன்னு எங்கேயும் இல்லை.

அதனால கல்லூரியை விட்டுப் போறதுக்கு முன்னாடி ஜூனியர்ஸ்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போகணும்னு தோணுச்சு. ஒரு வலைப்பூ ஆரம்பிங்க. தமிழ்ல ஆரம்பிங்க. எந்தத் தளம்னு தேர்ந்தெடுக்கும்போது டிசைனைப் பார்க்காதீங்க, அங்கே இருந்து உங்க எழுத்தை எடுத்துக்கிட்டு வெளியே வர முடியுமான்னு பாருங்க. இது எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னா, எங்க மாமாவால.

மாமா எழுதின பதிவுகள்

எங்க அம்மாவோட அண்ணன் ஸ்ரீரங்கத்துல உத்திர வீதிக்காரர். 2007ல இருந்து 2012 வரைக்கும் ஒரு இலவசத் தளத்துல வலைப்பூ எழுதினார். 2021ல தவறிட்டார். அவர் எழுதுவார்னு எனக்குத் தெரியும், படிச்சதில்லை. காரணம் வெட்கமானது. எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம். பத்தாவதுல தமிழ்ல நல்ல மார்க்தான், ஆனா ஒரு பக்கத்தைத் தடுக்காம வாசிக்க வராது. மனப்பாடம் பண்ணி வாங்கின மார்க் அது.

செகண்ட் இயர்ல ஒரு நாள் அம்மா அந்த முகவரியை அனுப்பினாங்க. எழுத்துக்கூட்டித்தான் படிச்சேன். ஒண்ணாம் நம்பர் பஸ்ல சில்லறைக்காக நடந்த சண்டை, ஆடிப்பெருக்கு அன்னிக்கு அம்மா மண்டபத்துல தொலைஞ்ச செருப்பு, வைகுண்ட ஏகாதசிக்கு வீட்டுக்கு வர்ற பெயர் தெரியாத உறவினர்கள். 143 பதிவு. முடிக்க ரெண்டு மாசம் ஆச்சு. இந்தக் கட்டுரையை நான் தமிழ்ல எழுதுறேன்னா அதுக்கு அந்த ரெண்டு மாசம்தான் காரணம்.

அதுல ஒரு பதிவு கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தைப் பத்தி. 1928ல கட்டின பாலம். திருவானைக்காவல் பக்கத்தையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் சேர்த்தது. லாரி போகும்போது பாலம் அதிர்றதையும், கைப்பிடிக் கம்பியில கை வெச்சா அந்த அதிர்வு தோள் வரைக்கும் வர்றதையும் எழுதியிருந்தார். கீழே 'என் போட்டோ' என்று ஒரு வரி. அதுக்கு மேல வெறும் சாம்பல் கட்டம். படத்தை அவர் வேற ஒரு இலவசத் தளத்துல ஏத்தி, இங்கே இணைப்பு மட்டும் கொடுத்திருந்தார். அந்தத் தளம் எப்பவோ மூடியாச்சு. 143 பதிவுலயும் ஒரு படம் கூட இல்லை.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துல அந்தப் பாலத்தோட தூண்கள் சரிஞ்சு ஒரு பகுதி ஆத்துல விழுந்துச்சு. பாலமும் போச்சு, படமும் போச்சு. மாமாவோட பாஸ்வேர்டு வீட்ல யாருக்கும் தெரியாது. மிச்சம் இருக்கிறது அந்தப் பத்திகள் மட்டும்தான், அதுவும் அந்தக் கம்பெனி எவ்வளவு நாள் வெச்சிருக்கோ அவ்வளவு நாள்.

கொஞ்சம் பழைய கதை

'வெப்லாக்'ங்கிற சொல் 1997ல வந்தது. இணையத்துல தான் பார்த்ததைக் குறிச்சு வெச்ச ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர் அதைப் பயன்படுத்தினார். 1999ல பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை விளையாட்டா உடைச்சு 'பிளாக்' ஆக்கினார். அதே வருஷம் பிளாக்கர் வந்தது. 2003ல கூகுள் அதை வாங்கியது. அதே 2003 மே மாசம் வேர்ட்பிரஸ் பிறந்தது.

தமிழ்லயும் 2003 வாக்குல ஆரம்பிச்சாச்சு. அப்ப தமிழ் டைப் பண்றதே ஒரு வேலை. ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டர்லயும் ஒரு எழுத்துரு, ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குக் கட்டம் கட்டமாத் தெரியும். முரசு அஞ்சல், அழகி, இ-கலப்பை மாதிரி மென்பொருளை வெச்சுத்தான் எழுதினாங்க. யூனிகோட் பரவின பிறகுதான் நிம்மதி. 2004ல காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்ற திரட்டியைத் தொடங்கினார். யார் எங்கே புதுசா எழுதினாலும் ஒரே பக்கத்துல தெரியும். பதிவர், பின்னூட்டம், அனானி, மொக்கை, கும்மி என்று ஒரு தனி அகராதியே உருவாச்சு. ஊர் ஊரா பதிவர் சந்திப்பு நடந்துச்சு. துபாய்ல இருந்து ஒருத்தர், டொராண்டோவுல இருந்து ஒருத்தர், யாழ்ப்பாணத்துல இருந்து ஒருத்தர், ஒரே பதிவுக்கு அடியில சண்டை போட்டுக்கிட்டாங்க.

அப்புறம் எல்லாரும் ஃபேஸ்புக் போயிட்டாங்க. திரட்டிகள் ஒவ்வொண்ணா ஓய்ஞ்சுது.

ஆனா தினமும் எழுதி வைக்கிற பழக்கம் தமிழுக்கு இணையம் கொடுத்ததில்லை. புதுச்சேரியில துபாஷா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736ல இருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினார். திருச்சிக்காக பிரெஞ்சுக்காரங்களும் ஆங்கிலேயர்களும் மோதின காலம் அது. கப்பல் வந்தது, துணி விலை, துய்ப்ளே துரையோட கோபம், வீட்டு விசேஷம், எல்லாம் அதுல இருக்கு. பாஷை என்ன தெரியுமா? பேச்சுத் தமிழ், நடுநடுவே பிரெஞ்சு, போர்ச்சுகீஸ், பாரசீகச் சொற்கள். நம்ம தங்கிலீஷுக்கு முப்பாட்டன். 'என் தமிழ் சுத்தமா இல்லையே'ன்னு தயங்குறவங்களுக்கு இதைவிட நல்ல பதில் என்கிட்ட இல்லை.

இன்னொண்ணு. அந்த நாட்குறிப்பு 1846ல கண்டெடுக்கப்பட்டதும் நகல் எடுத்தாங்க. ஒரு நகல் பாரிஸ் தேசிய நூலகம் வரைக்கும் போச்சு. நடுவுல சில பகுதிகள் கிடைக்கவே இல்லை. கிடைச்ச வரைக்கும் நமக்கு வந்து சேர்ந்ததுக்கு அந்த நகல்களுக்குத்தான் நன்றி சொல்லணும். நகல் எடுங்கன்னு நான் இனி சொல்லப்போறதுக்கு இதான் ஆதாரம்.

மூடின கடைகள்

தளம் தேர்ந்தெடுக்கிறது வாடகை வீடு பார்க்கிற மாதிரி. ஹவுஸ் ஓனர் நல்லவரா இருக்கலாம். ஆனா வீட்டை எப்ப விப்பார்னு அவருக்கே தெரியாது. சில சாவு அறிவிப்புகள்:

யாகூவோட ஜியோசிட்டீஸ் 2009ல மூடப்பட்டது. போஸ்டரஸ் 2013 ஏப்ரல்ல. ஆர்க்குட் 2014 செப்டம்பர்ல. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல்ல. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பர்ல. ஆரம்பகாலத் தமிழ் இணையத்தோட பெரிய விவாதங்கள் பல நடந்தது இந்த மாதிரிக் குழுமங்கள்லதான்.

கடையை மூடலைன்னாலும் ஆபத்து உண்டு. 2006 ஜூலையில அரசு சில பக்கங்களை மட்டும் தடுக்கச் சொல்ல, இணைய நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட்டையே மொத்தமா அடைச்சாங்க. சில நாள் இந்தியாவுல இருந்து பல பேருக்கு யாரோட பதிவும் திறக்கலை. 2012ல இந்திய வாசகர்களை கூகுள் 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' முகவரிக்குத் திருப்பிவிட்டது. மக்கள் அந்த முகவரியைத்தான் காப்பி பண்ணி மெயில்லயும் விக்கிப்பீடியாவுலயும் ஒட்டினாங்க. 2020ல அந்த டொமைன் கூகுள் கையை விட்டே போச்சு. பதிவுகள் 'டாட் காம்'ல பத்திரமா இருந்தாலும், 'டாட் இன்' முகவரிக்கு அதுவரை கொடுத்த இணைப்பெல்லாம் செத்துப்போச்சு. கூகுளுக்கே இந்த நிலைமை!

நாலு கேள்வி

தளத்துல கணக்கு தொடங்குறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, எல்லாத்தையும் ஒரே தடவையில இறக்கிக்க முடியுமா? ரெண்டு, லாகின் பண்ணாம ஒருத்தர் படிக்க முடியுமா, தேடினா வருமா? மூணு, முகவரி யாரோடது? நாலு, நான் காசு கட்ட மறந்தா, இல்ல நானே இல்லாமப் போனா என்ன ஆகும்?

இதை வெச்சு ஒவ்வொண்ணாப் பார்க்கலாம்.

இன்ஸ்டாகிராம்: முதல் கேள்விக்கு மட்டும் சுமாரா பாஸ். கேப்ஷன்ல 2,200 எழுத்துக்கு மேல போக முடியாது, அதுக்குள்ள கொடுக்கிற லிங்க்கும் வேலை செய்யாது. உங்க பதிவைப் பத்தித் தண்டோரா போட நல்ல இடம். வீடு கட்ட இல்லை.

மீடியம்: 2012ல ஆரம்பிச்சவர் ஈவன் வில்லியம்ஸ். பிளாக்கரை உருவாக்கினதுலயும் ட்விட்டரை உருவாக்கினதுலயும் இருந்த அதே ஆள்தான். எழுத சுகமா இருக்கும். ஆனா படிக்க வர்றவங்களை 'உள்ளே நுழை', 'உறுப்பினர் ஆகு'ன்னு அடிக்கடி கேட்கும். நம்ம ஊர்ப் பெரியம்மா அந்தக் கதவுலயே திரும்பிப் போயிடுவாங்க.

சப்ஸ்டாக்: 2017ல வந்தது. நீங்க எழுதினது வாசகரோட மெயிலுக்கே போகும். வாசகர்களோட மெயில் பட்டியலை நீங்க எடுத்துக்கிட்டுப் போகலாம், இது பெரிய விஷயம். வாரம் ஒண்ணு தவறாம எழுதுற ஒழுக்கம் இருந்தா நல்லது.

பிளாக்கர்: பழைய முகம்தான். ஆனா இலவசம், லாகின் இல்லாமப் படிக்கலாம், பேக்கப் எடுக்கலாம், பிறகு சொந்த டொமைனையும் இணைக்கலாம். பேக்கப் ஃபைல்ல எழுத்து வரும், படங்களோட முகவரிதான் வரும். அதனால படங்களைத் தனியா வெச்சுக்கணும். மாமா கதை ஞாபகம் இருக்கட்டும்.

வேர்ட்பிரஸ்: இதுல ரெண்டு இருக்கு, பலரும் குழப்பிக்கிறாங்க. 'டாட் காம்' அவங்களே நடத்துற இடம். இலவசக் கணக்குல விளம்பரம் வரும். 'டாட் ஆர்க்' வெறும் மென்பொருள். நீங்க இடம் வாடகைக்கு எடுத்து அதுல நிறுவிக்கணும், அப்டேட், பாதுகாப்பு, பேக்கப் எல்லாம் உங்க தலையில. முழு சுதந்திரம், முழு வேலை.

கிட்ஹப் பேஜஸ்: நம்ம மாதிரி ஆளுங்களுக்கு. பதிவை மார்க்டவுன் ஃபைலா எழுதி ரெப்போல போட்டா அதுவே தளமாகிடும். காசு கிடையாது, ஒரு தளத்துக்கு 1 ஜிபி வரை இடம். முக்கியமா, உங்க எழுத்து முழுசும் உங்க லேப்டாப்லயே சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா இருக்கும். அதை எங்கே வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம். பின்வாசல் எப்பவுமே திறந்தே இருக்கிற வீடு இதுதான்.

சொந்த டொமைன் வாங்கணுமா? 'கண்டிப்பா வாங்கு'ன்னு எல்லாரும் சொல்வாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஜெயமோகன் 2014 ஜனவரியில இருந்து 2020 ஜூலை வரைக்கும் 'வெண்முரசு' 26 நாவல்களையும் தினம் ஒரு அத்தியாயமா இணையத்துல இலவசமா எழுதி முடிச்சார். அந்த மாதிரி உழைப்புக்கு சொந்த முகவரி வேணும்தான். ஆனா நாலாவது கேள்வியை யோசிங்க. எங்க மாமா காசு கட்டி டொமைன் வெச்சிருந்தா, அவர் தவறின மறு வருஷமே புதுப்பிக்க ஆள் இல்லாம அது அழிஞ்சிருக்கும். இலவசத் தளத்துல இருந்ததாலதான் இன்னிக்கும் படிக்க முடியுது. அதனால முதல் ஒரு வருஷம் இலவசத்துல எழுதுங்க. எழுதுற பழக்கம் நின்னா மட்டும் டொமைன் வாங்குங்க. முதல் வருஷ விலையைப் பார்த்து ஏமாறாதீங்க, புதுப்பிக்கிற விலையைப் பாருங்க.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு ரெண்டு முள்

பிளாக்கர்ல தலைப்பை முழுக்கத் தமிழ்ல வெச்சா முகவரி 'பிளாக்-போஸ்ட்' என்று பொதுவா ஒண்ணு விழும். அடுத்ததுக்கு அதோடயே ஒரு எண் சேரும். எது எதுன்னு யாருக்கும் புரியாது. வேர்ட்பிரஸ்ல நேர் எதிர் பிரச்சினை. தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியில வெச்சுக்கும், ஆனா காப்பி பண்ணி ஒட்டினா சதவீதக் குறியும் எண்ணுமா நீண்டுடும். யூடிஎஃப்-8ல ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், முகவரியில ஒரு பைட்டுக்கு 3 எழுத்து. 'ஸ்ரீரங்கம்' என்ற ஒரே சொல்லுக்கு 10 குறியீடு, ஆக 90 எழுத்து! ரெண்டுக்கும் ஒரே மருந்து: வெளியிடும்போது பெர்மாலிங்க் பெட்டியில சின்னதா ஆங்கில எழுத்துல ஒரு முகவரியை நீங்களே கொடுத்துடுங்க.

டைப் பண்ண பயமா? ஃபோன்ல தங்கிலீஷ்ல அடிச்சாலே தமிழாகுது. நிறைய எழுதப்போறீங்கன்னா 'தமிழ்99' விசைப்பலகையைக் கத்துக்கங்க. 1999 சென்னை மாநாட்டுல இருந்து வந்தது. எனக்கு மூணு வாரத்துல கை பழகிடுச்சு.

'யார் படிப்பாங்க?'

இந்தக் கேள்வியை என் ரூம்மேட் தினமும் கேட்பான். பிளேஸ்மென்ட் சீசன்ல தமிழ்ல எழுதி என்ன கிடைக்கும், லிங்க்ட்இன்ல இங்கிலீஷ்ல எழுதுடான்னு. அவன் சொல்றது தப்பில்லை. கம்பெனிக்காரங்க பார்க்கணும்னா அங்கே எழுதுங்க. ஆனா அங்கே நாம எல்லாரும் ஒரே ஆளா மாறிடறோம். எல்லாரும் 'மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்'. யாரும் அரியர் வெச்சதே இல்லை, யாரும் கொல்லிமலைக்குப் போய் வண்டி பஞ்சராகி நின்னதே இல்லை.

'ஏஐகிட்ட சொன்னா எழுதிடுமே'ன்னும் கேட்கிறாங்க. எழுதும். காவிரிப் பாலம் பத்தி அழகா ஒரு கட்டுரை தரும். பாலம் மூடின நாள்ல நீங்க எந்த நிறுத்தத்துல எவ்வளவு நேரம் நின்னீங்கன்னு அதுக்குத் தெரியாது.

நம்ம ஊர்ல இதுக்கு முன்னோடியும் இருக்கார். ஸ்ரீரங்கத்துல பாட்டி வீட்ல வளர்ந்து, செயின்ட் ஜோசப்ஸ்ல இயற்பியல் படிச்சு, எம்ஐடியில பொறியியல் முடிச்சு, பெல் நிறுவனத்துல மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்துல பங்கெடுத்த எஞ்சினியர் ஒருத்தர், ஸ்ரீரங்கத்துத் தெருவையும் கிரிக்கெட்டையும் கதையா எழுதினார். சுஜாதாதான். அவர் வேலையை விட்டுட்டு எழுதலை, வேலை பார்த்துக்கிட்டே எழுதினார். நாம எல்லாரும் சுஜாதா ஆகப்போறதில்லை. ஆனா பஞ்சப்பூர் புது பஸ் முனையம் 2025ல திறந்ததுக்கு அப்புறம் நீங்க ஊருக்குப் போற வழி எப்படி மாறுச்சு, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல எந்த சென்சார் ஏன் சொதப்புச்சு, மெஸ்ல எந்தக் கிழமை பட்டினி, இதை எழுத சுஜாதா வேண்டாம். நீங்க போதும்.

சரி, இன்னிக்கு என்ன பண்ணணும்? ஒரு தளத்துல கணக்கு தொடங்குங்க. முந்நூறு வார்த்தை எழுதுங்க. வெளியிடுங்க. அந்தப் பக்கத்தோட முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல கொடுத்து ஒரு நகல் சேமிங்க. மாசம் ஒரு தடவை பேக்கப் எடுத்து பென்டிரைவ்ல போடுங்க. பாஸ்வேர்டை வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க. நிறைய சேர்ந்துட்டா ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் இருக்கு. 2013ல இருந்து பல பேரோட பதிவுகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல மின்னூலா ஆக்கித் தர்றாங்க.

நான் போன செமஸ்டர் லீவுல ஒரு பைதான் ஸ்கிரிப்ட் எழுதி மாமாவோட 143 பதிவையும் இறக்கினேன். பத்து நிமிஷ வேலை. சத்திரம் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில பிரின்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணி பாட்டிகிட்ட கொடுத்தேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு தினமும் ரெண்டு பக்கம் படிச்சாங்க. திரும்பி ஊருக்குப் போனப்ப புரட்டிப் பார்த்தேன். இரும்புப் பாலம் பதிவு ஓரத்துல பென்சில்ல நடுங்கின கையெழுத்து: 'அன்னிக்கு உன்கூட பாலத்துல வந்தது அப்பா இல்லடா, பெரியப்பா. உனக்கு ஜுரம்.'

மாமாவுக்கு வந்த கடைசிப் பின்னூட்டம் அதுதான். அவர் பார்க்கலை. நான் அதை ஸ்கேன் பண்ணி, மத்த ஃபைல்களோட சேர்த்து வெச்சிருக்கேன், மூணு இடத்துல.

அடுத்த இதழ் வர்றதுக்குள்ள உங்க முதல் பதிவோட முகவரியை நம்ம இதழுக்கு அனுப்புங்க. மொக்கையா இருந்தாலும் பரவாயில்லை, படிக்க நான் இருக்கேன்.